நிமிர்வும் நேர்மையும்: சீன உலமாக்கள் கண்டெடுத்த சொற்கள்

அரபுக் கல்லூரியில் ஸர்ஃப் பயிலத் தொடங்கும் மாணவர் முதலாண்டிலேயே அறிந்துகொள்ளும் செய்தி ஒன்றுண்டு. காஃப், வாவ், மீம் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்தே தொழுகையில் நிற்றலைக் குறிக்கும் கியாமும், நெறி பிறழாது வாழ்தலைக் குறிக்கும் இஸ்திகாமத்தும் பிறக்கின்றன. நேர்வழி முஸ்தகீம் எனப்படுவதும், மாந்தர் யாவரும் எழுந்து நிற்கும் நாள் கியாமத் எனப்படுவதும், மனிதன் படைக்கப்பெற்ற அழகிய அமைப்பைத் திருமறையின் 95ஆம் அத்தியாயம் தக்வீம் என்று கூறுவதும் அவ்வேரின் கிளைகளே. ருகூவிலிருந்து நிமிர்ந்து நிற்கும் நிலைக்கு இஃதிதால் என்று பெயர். நீதியைச் சுட்டும் அத்ல் என்னும் சொல்லும் அதே வேரினது. அவசர அவசரமாகத் தொழுத ஒருவரை மும்முறை திருப்பியனுப்பி மீண்டும் தொழச் செய்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பின்னர் அவருக்குக் கற்றுக்கொடுத்ததில் பெரும்பகுதி உடல் நிலைகளைப் பற்றியதாகவே இருந்தது என்பதை ஹதீஸ் பயின்றோர் அறிவர்.

நம் தமிழுக்கும் இது புதிதன்று. நேர் என்பதிலிருந்து நேர்மை, வளையாத கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல், நடத்தலிலிருந்து நடத்தை. எனவேதான் ‘நேராக நில்லுங்கள்’ என்று இமாம் ஸஃப்பைத் திருத்தும்போது, அச்சொல் தோள்களோடு நின்றுவிடுவதில்லை என்பதை நாம் எளிதில் உணர்ந்துகொள்கிறோம்.

அரபியோடு எவ்வித உறவுமற்ற, எழுத்தே சித்திரமாக அமைந்த ஒரு மொழியில் கியாம் என்பதை எப்படிச் சொல்வது? ‘நிற்றல்’ என்று மட்டும் பெயர்த்தால் பாதிப் பொருள் போய்விடும். சீன நாட்டு ஹனஃபி முஸ்லிம்கள் தொழுகையின் உள் ஃபர்ளுகள் ஆறனுக்கும் வழங்கும் பெயர்களைப் பாருங்கள்: கை உயர்த்துதல் தாய்ஷோவ், ஓதுதல் ஸுங்ஜிங், ருகூஉ ஜூகோங், ஸுஜூது கோவ்தோவ், இறுதி இருப்பு மோஸுவோ. கியாமுக்கு மட்டும் வெறும் ‘லீ’ (நில்) என்னாது, ‘துவான்லீ’ என்று ஓர் அடைமொழி சேர்த்து வைத்திருக்கின்றனர். அந்தத் ‘துவான்’ என்னும் ஓரசைச் சொல்லுக்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுச் சீன ஒழுக்கவியல் நிற்கின்றது. அதனை எடுத்துத் தொழுகை விரிப்பில் நிறுத்தியவர்கள் யார், அதற்கு அவர்கள் கொடுத்த விலை யாது என்பதே நாம் இங்கு காணப் புகுவது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘துவான்’ என்னும் எழுத்தின் இடப்பாகத்தில் ‘நில்’ என்பதற்குரிய வடிவமே உள்ளது. கி.பி. 100ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற ‘ஷுவோவென் ஜியேட்ஸீ’ என்னும் பழம்பெரும் எழுத்தகராதி இதற்கு ‘நேரானது’ என்றே பொருளுரைக்கின்றது. முளை, தொடக்கம் என்னும் பொருள்களும் இதற்குண்டு. மனிதனின் இயல்பில் இரக்கம், நாணம், பணிவு, நன்று தீது அறியும் உணர்வு ஆகிய நான்கும் முளைகளாக உள்ளன என்று மெங்ஸீ என்னும் பேரறிஞர் கூறியபோது, முளைக்கு அவர் ஆண்ட சொல் இந்தத் துவான்தான். இன்றும் சீன ஆசிரியர் மாணவனைப் பார்த்து ‘துவான்ஜெங்’ என்று சொன்னால், அவன் கூன் போடாமல் உட்காரவேண்டும் என்றும் பொருள். அவனுடைய குணம் கோணாமல் இருக்கவேண்டும் என்றும் பொருள். இரண்டில் எது முதற்பொருள் என்று கேட்டால் சீனர்களே திகைப்பர்.

துவான்ஜெங் என்பதன் பின்பாதியான ‘ஜெங்’ இன்னும் வியப்புக்குரியது. நேர், சரி, முறையானது என்றெல்லாம் பொருள்படும் இவ்வெழுத்தை அவ்வகராதி ‘ஒன்று’ என்னும் கோட்டையும் ‘நிற்றல், நிறுத்துதல்’ என்னும் குறியையும் சேர்த்தது எனப் பிரித்துக் காட்டுகின்றது. ஒன்றில் நிலைத்து நிற்றல்! தவ்ஹீதை நம்பும் ஒருவரின் கண்ணுக்கு இது எப்படித் தோன்றியிருக்கும் என்று விளக்கவேண்டியதில்லை. (மிகப் பழைய எலும்புக் கீற்றெழுத்துக்களை ஆராய்ந்த இக்காலத்தார், அது ஓர் ஊரை நோக்கி நடக்கும் பாதத்தின் சித்திரமாகவே தொடங்கியது என்பர். ஆயினும் பழஞ்சீனர் அறிந்த விளக்கம் முன்னையதே.) கன்பூசியஸ் தம் பாய் கோணலாக இடப்பட்டிருந்தால் அதில் அமரமாட்டார் என்று ‘லுன்யூ’ என்னும் அவருடைய உரைத்தொகுப்பு குறிப்பிடுகின்றது. அங்கும் இந்த ஜெங்தான். அரசாளுதல் என்பதே நேராக்குதல் என்று அவர் ஓர் ஆட்சியாளருக்கு உரைத்த விடையிலும் இதே ஜெங்தான்.

ஒழுக்கப் பயிற்சிக்குச் சீனம் வழங்கும் பெயர் ‘ஷியூஷென்’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘உடலைச் செப்பனிடுதல்’. சடங்கைக் குறிக்கும் ‘லீ’ என்னும் எழுத்தும், உடலைக் குறிக்கும் ‘தீ’ என்னும் எழுத்தும் ஒரே வலப்பாகத்தைக் கொண்டவை. அது வழிபாட்டுக் கலத்தின் வடிவம். (இந்த ‘லீ’யும் முன்னர்ச் சொன்ன, நிற்றலாகிய ‘லீ’யும் ஒலியேற்றத்தால் வேறுபட்ட இருவேறு சொற்கள். தமிழெழுத்தில் அவ்வேறுபாட்டைக் காட்ட வழியில்லை.) ‘லீஜீ’ என்னும் சடங்கு நூல் சான்றோனின் உடற்பாங்கு ஒன்பதினை வகுக்கின்றது. கால் அமைந்து வைக்கவேண்டும், கை பணிவு காட்டவேண்டும், பார்வை துவானாக இருக்கவேண்டும், தலை சாயலாகாது, மூச்சும் அடங்கியிருக்கவேண்டும் என்று போகும் அவ்வரிசையில், நிற்றலுக்கு அந்நூல் கூறும் இலக்கணம் ‘தே’ என்னும் ஒற்றைச் சொல், அதாவது அறப்பண்பு. பிற்கால உரையாசிரியர் அதற்கு வேறு பொருளும் கொண்டுள்ளனர் என்பது உண்மையே. ஆனால் சொல் அங்கே இருக்கின்றது.

பின்னர் வந்த ஜூ ஷி (1130–1200) என்னும் தத்துவாசிரியர் 1187இல் முடிவுபெற்ற தம் ‘ஷியாவ்ஷுவே’ என்னும் சிறுவர் பாடநூலில் ‘உடலைக் கண்ணியப்படுத்துதல்’ என்றே ஒரு பகுதி வைத்தார். சீனத்தில் எழுதப்படிக்கக் கற்ற ஒவ்வொரு பிள்ளையும், அரசாங்கத் தேர்வுக்குப் போகும் முன்னரே, இத்தகைய சொற்களைத் தன் முதுகெலும்பில் கற்றது. உடல் வளைதலுக்கும் அவர்களிடம் பெயருண்டு. 405ஆம் ஆண்டில் தாவ் யுவான்மிங் என்னும் கவிஞர், அற்பச் சம்பள அரிசிக்காக மேலதிகாரியின் முன் இடுப்பை வளைக்கமாட்டேன் என்று பதவியைத் துறந்தார். அன்று முதல் ‘ஜேயாவ்’ (இடுப்பு வளைத்தல்) என்பது மானமிழத்தலுக்கு மறுபெயராயிற்று.

இனி முஸ்லிம்களிடம் வருவோம். தாங் பேரரசர் காலத்திலிருந்தே கடல்வழியும் நிலவழியும் அரபியரும் பாரசீகரும் சீனம் சென்றனர். மங்கோலியரின் யுவான் ஆட்சியில் அவர்தம் தொகை பெருகியது. 1368இல் மிங் பேரரசு ஏற்பட்டபின் புதியோர் வருகை குறைந்தது. வந்திருந்தோரின் வழித்தோன்றல்கள் சீனமே தாய்மொழியாகப் பேசலாயினர். பதினாறாம் நூற்றாண்டிலேயே நிலைமை கவலைக்கிடமாயிற்று: பள்ளியில் ஓதப்படுவது புரியவில்லை, புரியும் மொழியில் மார்க்க நூல் ஒன்றுமில்லை. ஷான்ஷி மாநிலத்து ஹூ தெங்ஜோவ் (1522–1597) என்னும் ஆலிம், பள்ளிவாசலையொட்டி மாணவரைத் தங்கவைத்து அரபியும் பாரசீகமும் கற்பிக்கும் முறையைத் தொடங்கிவைத்தார். ‘ஜிங்தாங்’ எனப்படும் இம்மதரஸா முறை நாடெங்கும் பரவிற்று. அரபு எழுத்தில் சீனத்தை எழுதும் ‘ஷியாவ்ஜிங்’ என்னும் வழக்கமும் அம்மாணவரிடையே நிலவியது. அரபுத்தமிழ் கிதாபுகளைத் தாய்மாரின் கையில் கண்டு வளர்ந்த நமக்கு அதன் அருமையை எடுத்துரைக்கத் தேவையில்லை.

ஆனால் ஷியாவ்ஜிங்கிற்கு ஓர் எல்லை இருந்தது. அது ஒலியைக் கொண்டுவந்தது. சித்திர எழுத்து தன்னுள் பொதிந்து வைத்திருக்கும் நினைவைக் கொண்டுவரவில்லை. அரபெழுத்தில் ‘துவான்’ என்று எழுதினால் அதன் இடப்பாகத்தில் நிற்கும் மனிதன் தெரியமாட்டான். சீனப் பேரிலக்கியத்தைக் கற்காமல் அச்சொற்களைக் கையாள இயலாது. அதைக் கற்பதோ ஐயத்துக்குரியதாக இருந்தது. சீன எழுத்துப் படிப்பு ஈமானுக்கு ஊறு விளைக்கும் என்று அஞ்சிய உலமாக்கள், குறிப்பாக வடமேற்கில், நெடுங்காலம் இருந்துள்ளனர். அவர்களை எள்ளுவது எளிது. ஆயினும் ஒரு மொழியின் ஒழுக்கச் சொல்லை எடுத்தால் அதனோடு அதன் தெய்வங்களும் உடன்வருமோ என்ற அவர்களின் கேள்வி வெறும் கேள்வியன்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

அந்த அச்சத்தைக் கடந்து முதலில் எழுதியவர் நான்ஜிங் நகரத்து வாங் தாய்யூ. மிங் பேரரசின் முதல் மன்னர் காலத்தில் அரபகத்திலிருந்து வந்து நாட்காட்டிக் கணக்கைத் திருத்திக்கொடுத்த வானவியலார் ஒருவரின் வழியில் தாம் வந்ததாக அவர் எழுதியுள்ளார். சிறுவயதில் அவர் கற்றது மார்க்கக் கல்வி மட்டுமே. வளர்ந்தபின்னும் கடிதப் போக்குவரத்துக்கு வேண்டிய எழுத்துக்களுக்கு மேல் சீனம் அறியாதிருந்ததாகவும், அந்நிலைக்கு நாணி, வயது முதிர்ந்தபின் சீனத் தத்துவ நூல்களையும் வரலாற்று நூல்களையும் படிக்கத் தலைப்பட்டதாகவும் அவரே கூறுகின்றார். பிள்ளைப் பருவத்தில் பிரம்படியோடு மனத்தில் ஏறவேண்டிய ஆயிரக்கணக்கான எழுத்துக்களை வளர்ந்த ஆண்மகன் ஒருவர் உட்கார்ந்து கற்பது எத்தகைய பாடு என்பதைப் பிறமொழி கற்பிக்கும் தொழிலில் உள்ள நாம் அறிவோம்.

1642இல் வெளிவந்த அவருடைய பெருநூலின் பெயர் ‘ஜெங்ஜியாவ் ஜென்சுவான்’. நேரிய மார்க்கத்தின் மெய்விளக்கம் எனலாம். பெயரின் முதற்சொல்லே நாம் மேலே கண்ட ஜெங். நாற்பது அத்தியாயங்கள் கொண்ட அந்நூலில், கன்பூசிய மரபு போற்றும் ஐந்து நிலைப்பண்புகளோடு இஸ்லாத்தின் ஐந்து கடமைகளை அவர் இணைத்துக் காட்டுகின்றார்: இறைவனை நினைந்துரைப்பதில் அன்பு, ஈவதில் அறநேர்மை, பணிவதில் சடங்கொழுக்கம், நோற்பதில் அறிவு, கூடுவதில் வாய்மை. இவ்விணைப்புக்களில் சில இயல்பாகப் பொருந்துகின்றன. சிலவற்றை இழுத்துப் பிணைத்திருக்கின்றார் என்பது நம் எண்ணம். நோன்புக்கும் அறிவுக்கும் உள்ள தொடர்பைக் காட்ட அவர் பட்ட சிரமம் தெரிகின்றது. ஆனால் தொழுகைக்கும் ‘லீ’க்கும் அவர் போட்ட முடிச்சு அவிழவே இல்லை. அவருடைய மற்றொரு நூலான ‘ஷிங்ஜென் தாஷுவே’, உடலைச் செப்பனிடுவதிலிருந்து உலகைச் செப்பனிடுவது வரை படிப்படியாக ஏறும் ‘தாஷுவே’ என்னும் கன்பூசியப் பாடநூலின் பெயரையே தாங்கி வந்தது.

அடுத்த தலைமுறையில் வந்தவர் லியூ ஜீ. அவரும் நான்ஜிங்கினரே, அறிஞர் மரபினர், தந்தையார் நிறைவேற்ற விரும்பிய பணியைத் தாம் மேற்கொண்டதாக எழுதியவர். பதினைந்து வயதில் கல்வியில் மனம் செலுத்திய அவர் எட்டாண்டுகள் கன்பூசிய நூல்களையும் வரலாறுகளையும் கற்றார். பின்னர் ஆறாண்டுகள் அரபு, பாரசீக நூல்கள், மூன்றாண்டுகள் பௌத்த நூல்கள், ஓராண்டு தாவோ நூல்கள்; அதன்மேல் ஐரோப்பியர் கொணர்ந்த நூல்கள் 137. இக்கணக்கை அவரே தந்துள்ளார். மார்க்க நூல்களுக்கு ஆறாண்டும் சீனப் பேரிலக்கியத்துக்கு எட்டாண்டும் என்ற அந்த விகிதத்தைக் கவனியுங்கள்.

1710இல் வெளிவந்த ‘தியன்ஃபாங் தியன்லீ’ (அரபகத்து நெறிமுறைகளும் சடங்குகளும்) இருபது பகுதிகள் கொண்டது. ஐங்கடமைகளிலிருந்து தொடங்கி, ஐவகை மனித உறவுகள், வீடு, பொருள், உடை, உணவு, நிக்காஹ், ஜனாஸா என்று மனிதன் எழுந்தது முதல் அடங்குவது வரை அது பேசுகின்றது. நம் கிதாபுகளில் இபாதத்தும் முஆமலாத்தும் என்று பிரிப்பதை அவர் வானத்து வழியை நிறைவாக்கும் ‘வூ கோங்’ (ஐந்து பணிகள்) என்றும், மனித வழியை நிறைவாக்கும் ‘வூ தியன்’ (ஐந்து நியதிகள்) என்றும் அமைத்தார். மனித உறவுகளை வரிசைப்படுத்துகையில் அவர் மெங்ஸீயைப் பின்பற்றித் தந்தை–மகனில் தொடங்கவில்லை; கணவன்–மனைவியில் தொடங்கினார். மனிதகுலம் ஆதம் (அலை), ஹவ்வா (அலை) இருவரிலிருந்து பெருகியது என்று நம்புபவர் வேறெப்படித் தொடங்குவார்? சீனச் சொற்கள் அனைத்தும் அப்படியே நிற்கின்றன. அவற்றின் வரிசை மட்டும் மாறியிருக்கின்றது. அம்மாற்றத்தில் ஒரு மார்க்கமே அடங்கியுள்ளது.

வாங் தாய்யூவுக்கும் லியூ ஜீக்கும் இடைப்பட்ட காலத்தில் சொற்கள் முதிர்ந்தன. முன்னவர் தொழுகையைப் ‘பாய்’ என்றார். அது குனிந்து பணிதல், உடலின் ஓர் அசைவு. பின்னவர் அதனை ‘லீ’ என்றார். அது உடலும் உள்ளமும் கூடிய முறைமை. முன்னவர் ஹஜ்ஜை ‘ஜூ’ (கூடுதல்) என்றார்; பின்னவர் ‘ஜாவ்’ என்றார். பேரரசரின் அவையில் அதிகாலையில் அணிவகுத்து முகங்காண நிற்பதற்குரிய சொல் அது. அரஃபாத்தில் நிற்பவரின் நிலையை அதைவிடக் கச்சிதமாகச் சீனருக்கு உணர்த்தும் சொல் இருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை. நிய்யத்துக்கு அவர்களிடையே வழங்குவது ‘ஜூயீ’, எண்ணத்தை உயர்த்துதல். தக்பீருக்கு முன்னர் எண்ணம் உயர்கின்றது, அதன்பின் கை உயர்கின்றது.

உள்ளத்தின் பணிவான குஷூவுக்கு அவர்களுக்கு வாய்த்தது ‘ஜிங்’ என்னும் சொல். செங் யீ (1033–1107) என்னும் தத்துவாசிரியர் அதற்கு ஒன்றின்பால் ஒருமுகப்படுதல் என்று இலக்கணம் கூறியிருந்தார். அதோடு, வெளியே உடையும் இருப்பும் ஒழுங்காக அமையாதவனிடம் உள்ளே ஜிங் தங்காது என்பதும் அம்மரபின் கொள்கை. ஸஃப்பைக் கோணலாக்கினால் உங்கள் உள்ளங்களும் கோணிவிடும் என்ற கருத்திலமைந்த நபிமொழியை ஓதியவர்கள் இதைப் படித்தபோது அந்நியமாக உணர்ந்திருக்கமாட்டார்கள். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. செங் யீ கூறிய அந்த ‘ஒன்று’ தன்னை நோக்கி நிற்பவனைப் பார்க்கும் ஒன்றன்று. ஜிப்ரீல் (அலை) வினவ, நபிகளார் விளக்கிய இஹ்ஸானில் பார்க்கப்படுகிறோம் என்னும் உணர்வே உயிர்நாடி. அதனைச் சீனத்தில் ஏற்றுவதற்கு ஒரு சொல் போதாது. ‘ஜென்ஜூ’ (மெய்யான எசமானன்) என்று அல்லாஹ்வுக்கு வைத்த பெயரையும் சேர்த்தே அதைச் செய்யவேண்டியிருந்தது.

சிக்கலான சொல் கோவ்தோவ். தலையை நிலத்தில் மோதுதல் என்னும் பொருளுடைய இதையே ஸுஜூதுக்குக் கொண்டனர். உடலசைவைப் பொறுத்தவரை பிழையொன்றுமில்லை. ஆனால் சீனர் இதனைப் பேரரசர் முன் செய்தனர். முன்னோரின் பலகை முன் செய்தனர். சிலைகள் முன்னும் செய்தனர். 1793இல் பிரித்தானியத் தூதர் மெக்கார்ட்னி இதைச் செய்ய மறுத்ததனால் எழுந்த சச்சரவு உலகறிந்தது. உலகம் அவ்வளவாக அறியாதது அதற்கு ஆயிரத்தெண்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. தாங் பேரரசர் ஷுவான்ஸுங் ஆட்சியில் கையுவான் ஆண்டுகளின் தொடக்கத்தில், அதாவது 713ஐ ஒட்டி, குதிரைகளும் மணியிழைத்த கச்சையும் காணிக்கையாகக் கொண்டு அரபியத் தூதர் ஒருவர் அவைக்கு வந்தார். அவர் ‘பிங்லீ’யாக, நிமிர்ந்தபடியே நின்றார், பணியவில்லை. கண்காணிப்பு அதிகாரிகள் தண்டிக்க எழுந்தனர். அமைச்சர் ஜாங் யுவே, அந்நியர் வழக்கம் வேறு, நன்மையை நாடித் தொலைவிலிருந்து வந்தவரைக் குற்றவாளியாக்கலாகாது என்று எடுத்துரைக்க, பேரரசர் விட்டுவிட்டார். பின்னும் ஒரு தூதர் வந்து, தம் நாட்டில் இறைவனையே பணிவதாகவும் மன்னரைக் கண்டாலும் பணியும் முறை இல்லை என்றும் கூறினார். அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கடிந்துகொண்டதால், ஈற்றில் சீன வழக்கப்படி பணிய இசைந்தார். தாங் வரலாற்று நூல் இவ்விரண்டையும் அடுத்தடுத்தே குறித்து வைத்திருக்கின்றது. நம்மவர் எழுதும் வரலாறுகளில் முதல் தூதரை மட்டும் கூறி இரண்டாமவரை விட்டுவிடுவதுண்டு, அது முறையன்று.

எனவே கோவ்தோவ் என்னும் சொல்லை ஸுஜூதுக்கு எடுத்தபோது உலமாக்கள் அதன் பாரத்தை அறியாமல் எடுத்திருக்கமுடியாது. மிங், சிங் காலங்களில் பள்ளிவாசல்களுக்குள்ளேயே பேரரசர் நீடூழி வாழ்கவென்னும் வாசகப் பலகை வைக்கப்பட்டிருந்தது. அப்பலகையுள்ள கூடத்தில், அதே சொல்லால் பெயர்பெற்ற செயலை, அல்லாஹ்வுக்கு மட்டுமே என்று பிள்ளைக்குக் கற்பிக்கவேண்டும்! சொல்லை மாற்றிப் புதுச்சொல் படைத்திருக்கலாமே என்று நாம் நினைக்கலாம். அவ்வாறு செய்திருந்தால், வீட்டுக்கு வெளியே எந்தச் செயலிலிருந்து பிள்ளை விலகவேண்டுமோ அதற்கும் பள்ளிக்குள் செய்வதற்கும் உள்ள தொடர்பே அவனுக்கு விளங்காது போயிருக்கும். பெயர் ஒன்றாயிருந்ததால்தான் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது.

நபிகளாருக்கு வழங்கிய பெயரிலும் இத்தகைய இடர் இருந்தது. லியூ ஜீ தம் ஸீறா நூலுக்கு இட்ட பெயரில் ‘ஜீஷெங்’ (உயர்ந்தோங்கிய ஞானி) என்ற சொல்லை ஆண்டார். 1530 முதல் அது கன்பூசியஸுக்கு அரசு வழங்கிய பட்டத்தின் பகுதி. ஞானி என்பதில் ரிஸாலத் இல்லை. அக்குறையை மதரஸா மொழி ‘சின்சாய்’ என்னும் வேறொரு சொல்லால் நிரப்பிற்று. பேரரசரின் நேரடி ஆணையோடு அனுப்பப்படும் தூதருக்குரிய பதவிப் பெயர் அது. அந்த ஸீறா நூல் 1724இல் நிறைவுற்றது. நம் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் ஏறத்தாழ அக்காலத்தை ஒட்டியதே என்பதை எண்ணிப் பார்க்கையில் ஒருவகை உவகை தோன்றுகின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் அறியார்.

இவ்வளவு பாடுபட்டு எழுதியதைச் சீன அறிஞருலகம் எவ்வாறு ஏற்றது? 1773இல் தொடங்கப்பெற்ற மாபெரும் அரசு நூற்றொகுதியின் தொகுப்பாளர்கள் ‘தியன்ஃபாங் தியன்லீ’யைப் பார்த்தனர். நூலைத் தொகுதியில் சேர்க்காமல், அட்டவணையில் மட்டும் ஒரு குறிப்பு எழுதினர். நடை செழுமையானது, ஆசிரியர் கன்பூசிய நூல்களை நன்கு கற்றவர் என்று ஒப்புக்கொண்டனர். வேரே தவறாயிருக்க, திறமையாக அழகு செய்வதால் பயனில்லை என்ற பொருளில் முடித்துவிட்டனர். எட்டாண்டுக் கல்விக்குக் கிடைத்த தீர்ப்பு இரண்டு வரி.

ஆனால் அந்நூல்கள் போய்ச் சேரவேண்டிய இடம் அதுதானா என்பது ஐயமே. 1782இல் நிகழ்ந்த ஒன்று இதற்கு விடை தருகின்றது. தென்கோடியிலுள்ள ஹைனான் தீவைச் சேர்ந்த ஹாய் ஃபூருன் என்பவர், மார்க்கக் கல்வி தேடிப் பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் அலைந்து, ஷான்ஷியில் கற்று, ஊர் திரும்பும் வழியில் குய்லின் நகரில் பிடிபட்டார். அவருடைய மூட்டையில் அரபு நூல்களோடு லியூ ஜீயின் சீன நூல்களும் இருந்தன. மாநில ஆளுநர் இதனைப் பெருஞ்சதியாகக் கருதி மேலிடத்துக்கு எழுதினார். நூல்களை அச்சிட்டோரைத் தேடும் வேட்டை நான்ஜிங் வரை சென்றது. சியன்லுங் பேரரசரோ ஆளுநரையே கடிந்துகொண்டார். முஸ்லிம்கள் நாடெங்கும் உள்ளனர், இவை அவர்கள் வழக்கமாக ஓதும் நூல்கள், இவற்றில் அரசத் துரோகமான சொல் எதுவுமில்லை, விட்டுவிடுக என்பது அவருடைய ஆணையின் சாரம். அழகு செய்வதால் பயனில்லை என்று அரசவை அறிஞர் எழுதிய அதே காலத்தில், நேர்த்தியான சீனத்தில் எழுதப்பட்டிருந்ததே ஓர் ஏழை மாணவரின் உயிரைக் காக்கத் துணைபுரிந்தது.

அந்த மூட்டையில் இருந்தவற்றுள் ஒன்று ‘தியன்ஃபாங் ஸான்ஸீஜிங்’. சீனப் பிள்ளைகள் முதன்முதலாக மனனம் செய்யும் மூவெழுத்துப் பாடநூலின் அமைப்பில், முஸ்லிம் பிள்ளைகளுக்காக லியூ ஜீ செய்தது. ஒன்பது உடற்பாங்குகளையும் நான்கு முளைகளையும் ஆழக் கற்ற பேரறிஞர், தம் கல்வியை மும்மூன்று எழுத்துக்களாகச் சுருக்கிச் சிறுவர் வாயில் வைத்தார். அரசவை அறிஞர் எவரும் அதைப் படித்திருக்கமாட்டார். ஹைனானின் மீனவக் குடியிருப்புக்கு அது போகவிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யுன்னான் மாநிலத்து மா தேஷின் (1794–1874) 1841இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, பல்லாண்டு அரபு நாடுகளில் கற்றுத் திரும்பி, அரபியிலும் சீனத்திலும் எழுதினார். திருமறையின் ஒரு பகுதியைச் சீனத்தில் பெயர்க்கத் தொடங்கியவரும் அவரே. யுன்னான் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் அரசு அவரைக் கொன்றது. உயிர் காக்கும் சொல்வன்மைக்கும் எல்லை உண்டு. அவ்வழி வந்த மா லியன்யுவான், அரபுப் பெயரால் நூருல் ஹக், லியூ ஜீயின் தத்துவ நூல் ஒன்றின் மூலப்பகுதியைச் சீனத்திலிருந்து அரபிக்குக் கொண்டுவந்து உரையும் வரைந்தார். அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் போன கருத்து, சீன உடை தரித்து மீண்டும் அரபிக்குத் திரும்பியது. அவ்வுரை அச்சேறியது நம் நாட்டுக் கான்பூரில் என்பது பலருக்குத் தெரியாது.

அண்மைக் காலத்தில் லியூ ஜீயின் பெயர் வேறொரு சூழலில் அடிபடுகின்றது. 2018 முதல் 2022 வரைக்கான ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றின் வழியே இஸ்லாத்தைச் ‘சீனமயமாக்கும்’ பணி அங்கு முறையாக மேற்கொள்ளப்பட்டது. கடைகளின் பெயர்ப்பலகைகளிலிருந்து அரபு எழுத்துக்கள் அகற்றப்பட்டன. பள்ளிவாசல்களின் குவிமாடங்கள் இறக்கப்பட்டன. கன்பூசியச் சொற்களால் மார்க்கத்தை விளக்கிய முன்னோர் இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகின்றனர். லியூ ஜீ எட்டாண்டு சீனமும் ஆறாண்டு அரபு, பாரசீக நூல்களும் கற்றார் என்று மேலே குறிப்பிட்டோம். அவர் செய்த பணிக்கு அவ்விரண்டும் வேண்டியிருந்தன. அரபு எழுத்தைச் சுரண்டியெடுத்துவிட்டு அவரை மட்டும் வைத்துக்கொள்வது எவ்வாறு என்பது நமக்கு விளங்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழியில் எதிர்த்திசையில் நடந்தவர் மா ஜியான். யுன்னானில் பிறந்து, 1931இல் கெய்ரோவுக்குச் சென்று அல்அஸ்ஹரில் பயின்றவர். அவருடைய திருமறை மொழிபெயர்ப்பு, அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப்பின் 1981இல் முழுமையாக வெளிவந்து, சீன முஸ்லிம்களிடையே இன்றும் பெரிதும் பயிலப்படுகின்றது. மாணவராயிருந்தபோதே அவர் செய்த ஒரு பணி 1935இல் கெய்ரோவில் அச்சாயிற்று. பாய் நேராக இல்லாவிடில் அமராத அந்த ஆசானின் ‘லுன்யூ’வை அவர் அரபியில் தந்திருந்தார்.